வீட்டில் செய்த சோப்பு, லிப் பாம், கிரீமை ஐரோப்பாவில் விற்க வேண்டுமா? லேபிளும் நோட்டிஃபிகேஷனும்

கேள்வி இதுதான்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வசிக்கும் ஒருவர் வீட்டில் கையால் சோப்பு, லிப் பாம், முகக் கிரீம் மூன்றும் செய்கிறார். இதுவரை தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வந்ததை இப்போது ஆன்லைனில் விற்க நினைக்கிறார். கூடவே ஊரிலிருந்து கண்மையும் மருதாணிக் கோனும் வரவழைத்து விற்கலாமா என்றும் ஒரு யோசனை. லேபிளில் என்னென்ன போட வேண்டும், நோட்டிஃபிகேஷன், அதாவது விற்கும் முன் பொருளை அதிகாரபூர்வத் தளத்தில் பதிவது என்கிறார்களே, அதை எங்கே செய்வது, அதே பொருளைப் பிரிட்டனுக்கும் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். சிறு தயாரிப்பாளர்களுக்கு இந்தக் காகித வேலைகளைச் செய்து கொடுப்பதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருகிற பத்தில் ஒன்பது பேர் லேபிளை அச்சடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அழகான டிசைன், நல்ல காகிதம், ஆயிரம் ஸ்டிக்கர். அதில் பாதியைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். ஏனென்றால் லேபிளில் வரும் ஒவ்வொரு வரியும் அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டிய ஒரு வேலையின் விளைவு: எச்சரிக்கை வாசகம் பாதுகாப்பு மதிப்பீட்டிலிருந்து வருகிறது, தேதி ஸ்டெபிலிட்டி சோதனையிலிருந்து (பொருள் எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று பார்ப்பது) வருகிறது, முகவரி யார் பொறுப்பேற்கிறார்கள் என்ற முடிவிலிருந்து வருகிறது. ஆகவே லேபிளைக் கடைசிக்கு முந்தைய வேலையாகவும், நோட்டிஃபிகேஷனைக் கடைசி வேலையாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் ஒன்றுதான்: 1223/2009 என்ற எண் கொண்ட ஐரோப்பிய ஒழுங்குமுறை. 2013 ஜூலை 11 முதல் எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாக நடைமுறையில் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைக்கும் உங்கள் சமையலறைக்கும் ஒரே விதி, 'சின்ன அளவில்தானே செய்கிறேன்' என்பதற்கு இதில் விலக்கு கிடையாது. இன்னொன்று, வணிகத்தின் பகுதியாகக் கொடுத்தால் காசு வாங்காமல் கொடுத்தாலும் அது 'சந்தையில் வைத்ததாக'த்தான் கணக்கு. தீபாவளிக்குத் தங்கைக்கு ஒரு சோப்பு கொடுப்பது வேறு, விளம்பரத்துக்காக ஐம்பது பேருக்கு சாம்பிள் கொடுப்பது வேறு. இரண்டாவதுக்கு இங்கே நான் சொல்லப்போகும் எல்லாமே பொருந்தும்.

அடுத்து, உங்கள் பொருள் உண்மையிலேயே அழகுசாதனப் பொருள்தானா என்று பாருங்கள். தோல், முடி, நகம், உதடு, வெளிப்புறப் பிறப்புறுப்பு, பல், வாயின் உட்புறம் இவற்றில் படுகிற, முழுக்கவோ பெரும்பாலுமோ சுத்தம் செய்ய, மணமூட்ட, தோற்றத்தை மாற்ற, பாதுகாக்க, நல்ல நிலையில் வைக்க, உடல் வாடையைச் சரிசெய்ய என்ற நோக்கத்தில் செய்யப்படுகிற பொருள்தான் இந்தச் சட்டத்துக்குள் வரும். உங்கள் சோப்பு இதில் வரும். ஆனால் அதே சோப்பின் மேல் 'எக்ஸிமா குணமாகும்', 'பூஞ்சைத் தொற்றை நீக்கும்' என்று எழுதினால் அது மருந்தாகப் பார்க்கப்படும், அப்புறம் மருந்துச் சட்டம், மருந்து உரிமம் என்று வேறு உலகம். உள்ளே இருப்பது மாறவில்லை, மேலே எழுதிய ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். பாட்டி வைத்தியப் பின்னணியில் வருகிற நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, பொறுப்பாளர். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள ஒரு நபரோ நிறுவனமோ ஒவ்வொரு பொருளுக்கும் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். ஒன்றியத்துக்குள்ளேயே தயாரித்தால் தயாரிப்பவர் பொறுப்பாளர், எழுத்து மூலம் வேறொருவரை நியமித்தால் ஒழிய. வெளியிலிருந்து கொண்டு வந்தால் இறக்குமதி செய்பவர் பொறுப்பாளர், அவருக்கு அது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும். வேறொருவர் செய்த கிரீமை வாங்கி உங்கள் பெயரை ஒட்டி விற்றால் நீங்கள்தான் பொறுப்பாளர். உங்கள் மூன்று பொருளுக்கும் அது நீங்களே. அதாவது உங்கள் பெயரும் முகவரியும் ஒவ்வொரு டப்பாவின் மேலும் வரும், அதிகாரிகள் பொருளைப் பற்றிய ஆவணக் கோப்பைக் கேட்டு அந்த முகவரிக்குத்தான் வருவார்கள். வீட்டு முகவரியைப் போட மனமில்லை என்றால் வணிக முகவரி ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள், ஆனால் அங்கே கோப்பு கையில் கிடைக்க வேண்டும். தபால் பெட்டி எண் மட்டும் போதாது.

அந்தக் கோப்பின் நெஞ்சுப் பகுதி பாதுகாப்பு அறிக்கை. இதை நீங்களே எழுத முடியாது. மருந்தியல், நச்சியல், மருத்துவம் அல்லது அதற்கு இணையான துறையில் பட்டம் பெற்ற மதிப்பீட்டாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அறிக்கைக்கு இரண்டு பாகம். ஏ பாகத்தில் தகவல்கள்: எந்தப் பொருள் எத்தனை சதவீதம், அதன் தூய்மை, நுண்ணுயிர் நிலை, டப்பா எதனால் ஆனது, யார் எவ்வளவு பூசுவார்கள், உடலுக்குள் எவ்வளவு போகும். பி பாகத்தில் மதிப்பீட்டாளரின் முடிவும், லேபிளில் வர வேண்டிய எச்சரிக்கைகளும். அவர் கேட்பதை நீங்கள் முன்கூட்டியே சேர்த்து வைத்தால் வேலை பாதியாகிவிடும்: ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் விற்றவரிடமிருந்து பாதுகாப்புத் தரவுத்தாள், பகுப்பாய்வுச் சான்று, நறுமண எண்ணெய் என்றால் அலர்ஜி தரும் பொருட்களின் சதவீதப் பட்டியல். இவற்றைக் கொடுக்க மறுக்கும் விற்பனையாளரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

எந்தப் பொருளைப் போடலாம், கூடாது என்பதற்குச் சட்டத்தின் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் இணைப்பு முழுத் தடை, 1,600க்கும் மேற்பட்ட பொருட்கள். மூன்றாவது நிபந்தனையோடு அனுமதி. நான்காவது நிறங்களுக்கு, ஐந்தாவது பிரசர்வேட்டிவ்களுக்கு (பொருள் கெடாமல் காப்பவை), ஆறாவது வெயில் தடுப்பிகளுக்கு. நிறமும் பிரசர்வேட்டிவும் வெயில் தடுப்பியும் அந்தந்தப் பட்டியலில் இருந்தால் மட்டுமே போடலாம். பட்டியல்கள் மாறிக்கொண்டே இருக்கும். லில்லியல் என்று எல்லோரும் வாசனைக்குப் போட்டுக்கொண்டிருந்த பொருள் 2022 மார்ச் 1 முதல் தடை. ஜெல் நகப்பூச்சில் இருந்த டிபிஓ 2025 செப்டம்பர் 1 முதல் தடை. பழைய வாசனை எண்ணெய் பாட்டில் அலமாரியில் இருந்தால் அதன் தாளை இன்றே எடுத்துப் பாருங்கள்.

கோப்பில் இன்னும் இருப்பவை: பொருளின் விவரிப்பு, செய்முறை, நல்ல உற்பத்தி நடைமுறைப்படி செய்கிறேன் என்ற உங்கள் அறிக்கை, நீங்கள் சொல்லும் பலனுக்கு ஆதாரம், விலங்குச் சோதனை பற்றிய தகவல். கடைசி பேட்ச் (ஒரே தடவையில் செய்த தொகுதி) சந்தைக்குப் போன நாளிலிருந்து 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கணினியில் இருந்தாலும் போதும். நல்ல உற்பத்தி நடைமுறைக்கு வழிகாட்டி ஐஎஸ்ஓ 22716, சான்றிதழ் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் தராசைச் சரிபார்த்ததற்கும், பாத்திரத்தைக் கிருமி நீக்கியதற்கும், எந்த எண்ணெய் எந்த லாட் என்பதற்கும் எழுத்து இருக்க வேண்டும். பிரான்ஸ் போன்ற சில நாடுகளில் தயாரிப்புக் கூடத்தையும் தனியாக அறிவிக்க வேண்டும், உங்கள் நாட்டின் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது லேபிள். டப்பாவிலும், வெளி அட்டைப்பெட்டி இருந்தால் அதிலும், அழியாத எழுத்தில், எளிதாகப் படிக்கும்படி இருக்க வேண்டியவை: பொறுப்பாளரின் பெயர், முகவரி, வெளியிலிருந்து வந்த பொருள் என்றால் எந்த நாட்டில் செய்தது, உள்ளே இருக்கும் அளவு, கிராமிலோ மில்லிலிட்டரிலோ, தேதி, பயன்படுத்தும்போது எடுக்க வேண்டிய எச்சரிக்கைகள், பேட்ச் எண், இது எதற்கான பொருள் என்பது, பார்த்ததும் தெரியாவிட்டால். ஏழாவது மூலப்பொருள் பட்டியல், அது வெளிப்பெட்டியில் மட்டும் இருந்தால் போதும், பெட்டி இல்லையென்றால் டப்பாவிலேயே. 5 கிராம் அல்லது 5 மில்லிக்குக் குறைவான டப்பா, இலவச சாம்பிள், ஒரே தடவைக்கான பாக்கெட் இவற்றுக்கு அளவு போட வேண்டாம், மற்றதெல்லாம் வேண்டும்.

மொழி விஷயத்தில் குழப்பம் அதிகம். அளவு, தேதி வாசகம், எச்சரிக்கை, எதற்கான பொருள் என்பது, இந்த நான்கும் விற்கும் நாடு சொல்லும் மொழியில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் விற்றால் ஜெர்மன், பிரான்சில் விற்றால் பிரெஞ்சு. ஆன்லைனில் ஐந்து நாட்டுக்கு அனுப்புவேன் என்றால் ஐந்து நாட்டு மொழி. தொடக்கத்தில் ஒன்றிரண்டு நாட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன், பொருளைவிட மொழிபெயர்ப்பு அதிகம் செலவு வைக்கும். மூலப்பொருள் பட்டியலை மட்டும் மொழிபெயர்க்கவே கூடாது, அது 'இன்சி' என்ற சர்வதேசப் பெயர் முறையில், ரோமன் எழுத்தில், எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி. தண்ணீர் 'அக்வா', தேன்மெழுகு 'செரா ஆல்பா', மஞ்சள்தூள் 'குர்குமா லோங்கா ரூட் பவுடர்'. ஊரில் அச்சடித்த ஆயுர்வேத லேபிளில் 'ஹரித்ரா' என்று இருந்தால் அது இங்கே செல்லாது.

பட்டியல் எப்படி எழுதுவது என்று உங்கள் லிப் பாமையே எடுத்துப் பார்ப்போம். 100 கிராமுக்கு விளக்கெண்ணெய் 40, ஷியா வெண்ணெய் 30, தேன்மெழுகு 28.5, புதினா எண்ணெய் 1, வைட்டமின் இ 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன்கிரீடியண்ட்ஸ்' என்ற தலைப்புக்குக் கீழே, சேர்க்கும்போது இருந்த எடையின் இறங்கு வரிசையில்: ரிசினஸ் கம்யூனிஸ் சீட் ஆயில், பியூட்டிரோஸ்பெர்மம் பார்கி பட்டர், செரா ஆல்பா, மெந்தா பிப்பெரிடா ஆயில், டோகோஃபெரால். ஒரு சதவீதத்துக்குக் குறைவானவற்றை ஒரு சதவீதத்துக்கு மேற்பட்டவற்றின் பின்னால் எந்த வரிசையிலும் போடலாம். இத்தோடு முடிந்தது என்று பலரும் நிறுத்திவிடுவார்கள். முடியவில்லை. புதினா எண்ணெயில் லிமோனீன் என்ற அலர்ஜி தரக்கூடிய வாசனைப் பொருள் இருக்கிறது, நீங்கள் தனியாகச் சேர்க்கவில்லை, எண்ணெயோடு வந்தது. விற்றவரின் தாளில் 2 சதவீதம் என்று இருந்தால், உங்கள் பாமில் அது 0.02 சதவீதம். உடம்பில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் சொல்ல வேண்டும், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதம். உங்கள் பாம் எல்லையைப்போல் 20 மடங்கு. ஆகவே பட்டியலில் 'லிமோனீன்' வர வேண்டும்.

சோப்பிலும் இதே கணக்குத்தான். 1 சதவீதம் லாவெண்டர் எண்ணெய் போட்டு, அந்த எண்ணெயில் லினலூல் 35 சதவீதம் என்று தாள் சொன்னால் சோப்பில் 0.35 சதவீதம், கழுவிவிடும் பொருளின் எல்லையைப்போல் 35 மடங்கு. 'இயற்கை எண்ணெய்தானே, அலர்ஜி வருமா' என்று கேட்பார்கள். லினலூல் எங்கிருந்து வந்தாலும் லினலூல்தான், அதற்கு ஒவ்வாமை உள்ளவர் கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்க்கும்போது அந்தப் பெயர் அங்கே இருக்க வேண்டும். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், தோல் தடித்துச் சிவந்து பல மாதம் அவதிப்பட்டு, கடைசியில் எதனால் என்று கண்டுபிடித்த ஒருவருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த அலர்ஜிப் பட்டியல் நீண்டிருக்கிறது. முதலில் 26 பெயர்கள்தான் இருந்தன. 2023/1545 என்ற திருத்தத்தால் எண்ணிக்கை 80ஐத் தாண்டியது: மெந்தால், வெனிலின், லினலைல் அசிடேட் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. புதிதாகச் சந்தைக்கு வரும் பொருளுக்கு 2026 ஜூலை 31 முதல் கட்டாயம், ஏற்கெனவே சந்தையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 வரை அவகாசம். உங்கள் புதினா பாமில் மெந்தாலும், லாவெண்டர் சோப்பில் லினலைல் அசிடேட்டும் வரும். லேபிள் அச்சடிப்பதானால் புதிய பட்டியல்படியே அச்சடித்துவிடுங்கள், இரண்டு தடவை காசு செலவழிக்க வேண்டாம். சிறிய டின்னில் பட்டியல் நீளும், இடத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

வாசனைக் கலவையாக வாங்கிச் சேர்த்தால் 'பர்ஃபம்' என்று ஒரே சொல்லாக எழுதிவிட்டு, அதிலிருந்து எல்லையைத் தாண்டும் அலர்ஜிப் பொருட்களைத் தனித்தனியே பெயர் சொல்ல வேண்டும். நிறத்துக்கு சிஐ எண், அதாவது ஒவ்வொரு நிறமிக்கும் உள்ள சர்வதேச எண்: மைக்கா 77019, டைட்டானியம் டையாக்ஸைடு 77891. 'சோப்புக்கு ஏற்ற மைக்கா' என்று விற்கும் பொட்டலத்தில் இரண்டு மூன்று நிறமிகள் கலந்திருக்கும், எல்லா எண்ணும் லேபிளில் வர வேண்டும், எல்லாமே நான்காம் இணைப்பில் இருக்க வேண்டும்.

தேதிக்கு இரண்டு முறை உண்டு. பொருள் 30 மாதமோ அதற்குக் குறைவாகவோ நன்றாக இருக்கும் என்றால் 'இந்தத் தேதி முடிவதற்குள் பயன்படுத்தவும்' என்ற வாசகம், அல்லது மணற்கடிகாரச் சின்னம், பக்கத்தில் மாதமும் வருடமும். 30 மாதத்துக்கு மேல் என்றால் திறந்த டப்பாச் சின்னம், அதற்குள் 6எம், 12எம் என்று திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டியதில்லை. எந்த எண்ணைப் போடுவது என்பது உங்கள் ஊகமாக இருக்கக் கூடாது, ஸ்டெபிலிட்டி சோதனை சொல்ல வேண்டும். பேட்ச் எண்ணை எளிமையாக வையுங்கள், '2509-03' என்றால் 2025 செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது பேட்ச். நாளைக்கு ஒரு புகார் வந்தால் அந்த எண்ணை வைத்து நோட்டைத் திறந்து எந்த எண்ணெய், எந்த லாட், யாருக்கெல்லாம் போனது என்று பத்து நிமிடத்தில் சொல்ல முடிய வேண்டும்.

'அழியாத எழுத்து' என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு வாடிக்கையாளர் லிப் பாம் டின்களை எனக்குக் காட்டக் கொண்டு வந்தார், வீட்டுப் பிரிண்டரில் அடித்த காகித ஸ்டிக்கர். கைப்பையில் இரண்டு வாரம் கிடந்ததில் மூடி ஓரத்திலிருந்து எண்ணெய் கசிந்து, காகிதம் கண்ணாடிபோல் ஆகி, பேட்ச் எண்ணும் தேதியும் மங்கலான ஊதாக் கறையாகிப் போயிருந்தன. பெருவிரலால் தேய்த்தேன், முகவரியும் போய்விட்டது. பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு மாறிய பிறகுதான் சரியானது. அச்சடிக்கும் முன் உங்கள் லேபிளில் உங்கள் எண்ணெயையே தடவி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

இடமே இல்லாத சின்னப் பொருளுக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. எச்சரிக்கையையும் பட்டியலையும் துண்டுத்தாளிலோ தொங்கும் அட்டையிலோ கொடுக்கலாம், அப்போது புத்தகத்தைக் கை சுட்டும் சின்னம் லேபிளில் வர வேண்டும். சுற்றாமல் விற்கும் சோப்பு, குளியல் உருண்டை போன்றவற்றுக்கு அதுவும் முடியாதபோது மூலப்பொருள் பட்டியலைப் பொருளுக்குப் பக்கத்திலேயே அறிவிப்பாக வைக்கலாம்.

பலன் சொல்வதற்கு 655/2013 என்ற தனி ஒழுங்குமுறை இருக்கிறது. சட்டத்துக்கு உட்பட்டது, உண்மையானது, ஆதாரமுள்ளது, நேர்மையானது, மற்றவரைத் தாழ்த்தாதது, வாங்குபவர் புரிந்து முடிவெடுக்க உதவுவது என்று ஆறு அளவுகோல். 'பாராபென் இல்லாதது' என்பதை ஒரு விற்பனை வரியாகப் போடாதீர்கள், பாராபென் என்பது ஒரு பிரசர்வேட்டிவ் வகை, சட்டம் அனுமதித்த பாராபென்களும் இருக்கின்றன, அவற்றைக் கெட்டவையாகக் காட்டுவதாக அது எடுத்துக்கொள்ளப்படும். 'விலங்குகள் மீது சோதிக்கப்படாதது' என்பதும் அப்படித்தான், 2013 மார்ச் 11 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லோருக்குமே அது சட்டம், உங்களுக்கு மட்டும் உள்ள சிறப்புபோலக் காட்ட முடியாது. 'கெமிக்கல் இல்லாதது' என்பதை எழுதவே வேண்டாம், தண்ணீரும் கெமிக்கல்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகு நோட்டிஃபிகேஷன். சிபிஎன்பி என்ற ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளம், கட்டணம் எதுவும் இல்லை. ஈயூ லாகின் கணக்கு திறந்து, உங்கள் நிறுவனத்தைப் பொறுப்பாளராகப் பதிந்து, ஒவ்வொரு பொருளையும் உள்ளிட வேண்டும்: பெயரும் வகையும், பொறுப்பாளர் விவரம், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒரு ஆள், முதலில் எந்த நாட்டில் விற்பனைக்கு வருகிறது, இறக்குமதி என்றால் எந்த நாடு, நானோ பொருளும் (மிக நுண்ணிய துகள்களால் ஆனது) புற்றுநோய் அபாய வகைப் பொருளும் உண்டா, சூத்திரம், அப்புறம் லேபிளின் அசல், படிக்கும்படியான பொதியின் புகைப்படம். ஒரே பொருள் நிறம் மட்டும் மாறி வந்தால் ஒரே பதிவில் நிறப்பெயர்களைச் சேர்க்கலாம். சூத்திரத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்றால், ஒரு குழந்தை உங்கள் கிரீமைத் தின்றுவிட்டால் நச்சு முறிவு மையத்தின் மருத்துவர் அந்தத் தரவுத்தளத்தைத் திறந்துதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். அதனால் அலட்சியமாக நிரப்பாதீர்கள். சூத்திரம் மாறினால் பதிவையும் உடனே மாற்றுங்கள். நானோ பொருள் இருந்தால் பெரும்பாலும் 6 மாதம் முன்கூட்டியே தனி அறிவிப்பு வேண்டும், உங்களுக்கு அது தேவைப்படாது.

பதிந்ததும் ஒரு எண் வரும். அதை லேபிளில் போடத் தேவையில்லை. அது அனுமதி எண்ணும் இல்லை, யாரும் உங்கள் பொருளைப் பரிசோதித்து ஒப்புதல் கொடுக்கவில்லை, நீங்கள் 'என்னிடம் எல்லாம் இருக்கிறது' என்று சொல்லிப் பதிந்திருக்கிறீர்கள், அவ்வளவே. 'ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்தது' என்று எழுதினால் அதுவே விதிமீறல். பாதுகாப்பு அறிக்கை இல்லாமலேயே சிபிஎன்பியில் பதிந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன். இணையதளம் அவர்களைத் தடுக்காது. ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பதே அந்த அறிக்கையைத்தான்.

ஊரிலிருந்து கொண்டு வரும் பொருட்கள். கண்மையில் ஈயம் கடும் தடை. பழைய முறையில் செய்த சுர்மாவில் ஈயசல்ஃபைடே அடிப்படைப் பொருளாக இருப்பது உண்டு, ஆய்வகச் சோதனை இல்லாமல் ஒரு டப்பாகூடக் கொண்டு வராதீர்கள். மருதாணிக் கோனில், சாதாரண மருதாணி செந்நிறம்தான் தரும். சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கும் கோனில் பிபிடி என்ற தலைமுடிச் சாயப் பொருள் இருக்க வாய்ப்பு அதிகம். அது தலைமுடிச் சாயத்தில் மட்டும், அதுவும் பூசும் கலவையில் 2 சதவீதத்துக்கு மிகாமல், அனுமதிக்கப்பட்டது. தோலில் வரைய அனுமதியில்லை. கொப்புளம், தழும்பு, பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமே போட முடியாத ஒவ்வாமை என்று போகும். நிறம் வெளுக்க வைக்கும் கிரீம்களின் பக்கமே போகாதீர்கள், பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் மாட்டுவது அங்கேதான். எதைக் கொண்டு வந்தாலும் இறக்குமதி செய்பவர் என்ற முறையில் அறிக்கை, கோப்பு, லேபிள், பதிவு அத்தனையும் உங்கள் தலையில். ஊரில் செய்பவர் முழுச் சூத்திரத்தைச் சதவீதத்தோடு கொடுக்க மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஜெர்மனியில் ஏற்கெனவே சட்டப்படி விற்கும் பொருளை வாங்கி, பிரெஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிப் பிரான்சில் விற்றால் விநியோகிப்பவராக நீங்களும் சிபிஎன்பியில் தகவல் கொடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது.

பிரிட்டன் 2021 ஜனவரி 1 முதல் தனி. விதிகள் பெரும்பாலும் அதே சட்டத்தின் நகல், ஆனால் பொறுப்பாளர் அங்கே முகவரி உள்ளவராக இருக்க வேண்டும், அவர் முகவரி லேபிளில் வர வேண்டும், எஸ்சிபிஎன் என்ற வேறு தளத்தில் பதிய வேண்டும், செய்த நாட்டின் பெயரும் போட வேண்டும். சிபிஎன்பி பதிவு அங்கே செல்லாது. வட அயர்லாந்து மட்டும் ஐரோப்பிய ஒன்றிய விதியோடே இருக்கிறது. ஒரே லேபிளில் இரண்டு முகவரியும் போடலாம். தடைப்பட்டியல்கள் இப்போது இரண்டு பக்கமும் வேறு வேறு தேதியில் மாறுவதால் இரண்டையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வருடம் பிரிட்டனை விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

ஆன்லைன் விற்பனைக்கு 2024 டிசம்பர் 13 முதல் பொதுப் பொருள் பாதுகாப்பு விதியும் சேர்ந்திருக்கிறது: தயாரிப்பாளரின் பெயர், தபால் முகவரி, மின்னஞ்சல், பொருளின் படம், எச்சரிக்கைகள் எல்லாம் விற்கும் பக்கத்திலேயே தெரிய வேண்டும். விற்ற பிறகு யாருக்காவது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான பாதிப்பு வந்தால் அது நடந்த நாட்டின் அதிகாரிக்குத் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். சின்ன அரிப்புப் புகாரையும் தேதியோடு, பேட்ச் எண்ணோடு கோப்பில் எழுதி வையுங்கள், அதே பேட்சில் மூன்று புகார் வந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

உங்கள் மூன்று பொருளில் சோப்பிலிருந்து தொடங்குங்கள். காரத்தன்மையால் கிருமி வளராது, கழுவிவிடும் பொருள், மதிப்பீட்டாளருக்கும் எளிது, ஒரே அடிப்படைச் சூத்திரத்தில் வாசனை மாற்றி நான்கைந்து வகையை ஒரே அறிக்கையில் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். அடுத்து லிப் பாம், அதில் தண்ணீர் இல்லை. முகக் கிரீமைக் கடைசியாக வையுங்கள். தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்த இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும், ஐந்தாம் இணைப்பில் உள்ள பிரசர்வேட்டிவ் வேண்டும், அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதற்கு ஐஎஸ்ஓ 11930 முறைப்படி சேலஞ்ச் டெஸ்ட் வேண்டும். வைட்டமின் இ, திராட்சை விதைச் சாறு இவற்றை நம்பி விற்காதீர்கள். அந்த டெஸ்ட் முடிவு கைக்கு வருகிற வரைக்கும், கிரீம் கேட்டு எத்தனை பேர் மெசேஜ் அனுப்பினாலும், ஒரு டப்பாகூட வெளியே போக வேண்டாம்.